புண் காத்தவர்களின் கணக்கு

1830களில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பெஞ்சமின் கேனட் என்ற வயதான விவசாயி நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார். விடுதலைப் போரில் பங்கெடுத்த வீரர்களின் விதவைகளுக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் தனக்கும் வேண்டும் என்பது கோரிக்கை. இறந்துபோன போர்வீரர் அவருடைய மனைவி.

மனைவியின் பெயர் டெபோரா சாம்ப்சன். 1782இல் ஆண் உடை தரித்து, ராபர்ட் ஷர்ட்லிஃப் என்ற பெயரில் படையில் சேர்ந்தவர். அந்த ஆண்டே காயம் பட்டார். தொடையில் பாய்ந்த குண்டை மருத்துவரிடம் காட்டினால் தான் பெண் என்பது வெளிப்பட்டுவிடும் என்று, தானே அதைக் கிளறி எடுத்ததாகச் சொல்லப்படுகிறது. மறு ஆண்டு கடுங்காய்ச்சலில் விழுந்தபோது ஒரு மருத்துவர் உண்மையைக் கண்டுகொண்டார். கௌரவமாகவே விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார் டெபோரா. திருமணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பெற்றார், நெடுநாள் போராடி 1805இல் ஓய்வூதியமும் பெற்றார். 1827இல் இறந்தார்.

மனைவியின் போர்க்காயத்தால் வந்த நோய்க்காகப் பல ஆண்டுகள் மருத்துவச் செலவு செய்திருக்கிறேன் என்பது பெஞ்சமினின் வாதம். மனுவை ஆராய்ந்த குழு அதை ஏற்றது. 1838இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. பணம் வருவதற்குள் அவர் இறந்துவிட்டதால் அது பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

டெபோராவின் வீரத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னை நிறுத்திவைத்தது பெஞ்சமினின் கணக்குதான். ஒரு கணவன் மனைவியின் புண்ணைப் பார்த்துக்கொண்டான். அது செலவு என்று எழுதப்பட்டது. அரசு அதைப் படித்தது. அதே வேலையை அதே நாட்டில் எத்தனையோ மனைவிகளும் தாய்களும் சகோதரிகளும் செய்துகொண்டிருந்தார்கள். வீட்டில் செய்யும் அந்த வேலைக்காகவே மாதந்தோறும் ஒரு தொகை அவர்கள் கையில் கிடைக்க 2010ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட 170 சொச்சம் ஆண்டுகளின் கதைதான் இந்தக் கட்டுரை.

*

நான் தமிழ் இலக்கியம் கற்பிப்பவள். புறத்திணையியல் நடத்தும்போது காஞ்சித் திணையில் தொடாக் காஞ்சி என்றொரு துறை வரும். போரில் புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தொட்டுவிடாமல் மனைவி காத்து நிற்பது அந்தத் துறை. புறநானூற்றில் அரிசில்கிழார் பாடிய 281ஆம் பாட்டைப் பார்த்தால் அந்தக் காவல் எப்படி நடந்தது என்று தெரிகிறது. ஒருத்தி தன் தோழியைத் துணைக்கு அழைக்கிறாள். இரவமரத் தழையும் வேப்பிலையும் வீட்டில் செருக வேண்டும். யாழும் மற்றக் கருவிகளும் ஒலிக்க வேண்டும். மை பூச வேண்டும். வெண்கடுகு தூவ வேண்டும். ஆம்பற்குழல் ஊத வேண்டும், மணி அடிக்க வேண்டும், காஞ்சிப் பண் பாட வேண்டும். வீடெங்கும் நறும்புகை பரவ வேண்டும்.

உரைகாரர்கள் இதைச் சடங்கு என்பார்கள். எனக்கு இது ஒரு வேலைப் பட்டியலாகவும் தெரிகிறது. எந்தப் பொருளைத் தேடி வர வேண்டும், யார் எதைச் செய்ய வேண்டும், யார் கண்விழிக்க வேண்டும் என்று ஒருத்தி பகிர்ந்து கொடுக்கிறாள். அலுவலகத்தில் நடந்தால் இதற்கு ஒருங்கிணைப்பு என்று பெயர்.

இந்தப் பாட்டை நடத்திய ஒரு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், அவன் பொழைச்சானா? பொழைச்சிருந்தா அதுக்கப்புறம் எத்தனை வருஷம் அவ பாத்துக்கிட்டா?"

பாட்டு அதைச் சொல்லவில்லை. இலக்கணமும் சொல்லவில்லை. காஞ்சித் துறைகளை வரிசையாகப் பாருங்கள். கணவன் இறந்ததும் உடன் உயிர்விடுகிறவளுக்கு மூதானந்தம் இருக்கிறது. கைம்மை நோன்பு நோற்பவளுக்குத் தாபத நிலை இருக்கிறது. புண்பட்ட இரவுக்கு ஒரு துறை, செத்த பின்னர் பல துறைகள். கால் இழந்தோ கண் இழந்தோ பிழைத்துக்கொண்டவனோடு ஒருத்தி வாழ்ந்த முப்பது ஆண்டுகளுக்கு மட்டும் பெயர் வைக்கப்படவில்லை.

அமெரிக்காவின் போர்ச் சட்டங்களைப் படிக்கத் தொடங்கியபோது நான் கண்டதும் இதே இடைவெளிதான். விதவைக்குச் சட்டம் இருந்தது. பார்த்துக்கொண்டவளுக்கு இல்லை.

*

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. மனநோயாளிகளின் நலனுக்காகப் போராடிப் பெயர்பெற்றிருந்த டொரோதியா டிக்ஸ், வடக்குப் படையின் பெண் செவிலியருக்குத் தலைமைக் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார். வேலைக்கு வருகிற பெண்ணுக்கு அவர் வகுத்த விதிகள் புகழ்பெற்றவை. வயது முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாது. உடை பழுப்பு அல்லது கருப்பு நிறத்தில் எளிமையாக இருக்க வேண்டும். நகை, நாடா அலங்காரம், சுருட்டிவிட்ட கூந்தல் எதுவும் ஆகாது. ஒரு நாளைக்கு 40 சென்ட் சம்பளம், சாப்பாடு தனி. காயம்பட்ட ஆண் உடலின் பக்கத்தில் ஒரு பெண் நிற்பதென்றால் அவள் முதலில் தன்னைப் பெண்ணாகத் தெரியாதபடி ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த விதிகளின் சாரம்.

டிக்ஸின் செவிலியர்களை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் வடக்குப் படை மருத்துவமனைகளின் சம்பளப் பட்டியலில் இருந்த பெண்கள் 21,000க்கும் மேற்பட்டவர்கள் என்று பின்னாளைய ஆய்வு கண்டறிந்தது. சமையல்காரி, சலவைக்காரி, தாதி என்று பல பெயர்களில் அவர்கள் பதிவாகியிருந்தார்கள். பதிவில் இருந்த பெயருக்கும் செய்த வேலைக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை.

சூசி கிங் டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜியாவில் அடிமைக் குடும்பத்தில் 1848இல் பிறந்தவர். கறுப்பினக் குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது சட்டவிரோதமாக இருந்த ஊரில் ஒளிந்து ஒளிந்து படித்தவர். போர் வந்ததும் கறுப்பின வீரர்களின் படைப்பிரிவு ஒன்றோடு சேர்ந்தார். பதிவேட்டில் அவர் சலவைக்காரி. உண்மையில் புண்ணுக்குக் கட்டுப் போட்டார், அம்மை கண்டவர்களைப் பார்த்துக்கொண்டார், வீரர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் செய்த இந்த வேலைக்கு ஒரு டாலரும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. 1902இல் அவரே எழுதி வெளியிட்ட நினைவுக்குறிப்புகள் இல்லாவிட்டால் இதுவும் நமக்குத் தெரிந்திருக்காது.

போர் முடிந்து 27 ஆண்டுகள் கழித்து, 1892இல், படைச் செவிலியருக்கு மாதம் 12 டாலர் ஓய்வூதியம் தரும் சட்டம் வந்தது. ஆறு மாதமாவது செவிலியராக வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டும். சமையல்காரி, சலவைக்காரி என்று எழுதப்பட்டவர்கள் வெளியே நின்றார்கள். கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தார்கள். ஹேரியட் டப்மன் போன்ற ஒருவரே தன் போர்க்காலச் சேவைக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் மனுப் போட வேண்டியிருந்தது. 1899இல் நாடாளுமன்றம் அவருடைய விதவை ஓய்வூதியமான 8 டாலரை, செவிலியராகப் பணிசெய்ததைக் கருதி, 20 டாலராக உயர்த்தியது.

பதிவேட்டில் ஒரு குமாஸ்தா எழுதுகிற ஒரு சொல் முப்பது ஆண்டு கழித்து ஒருத்தியின் சோற்றைத் தீர்மானிக்கிறது. வேலைக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பது வெறும் சொல் விவகாரம் அல்ல என்று மாணவிகளிடம் சொல்லும்போது நான் எடுத்துக்காட்டுவது இந்த 1892ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான்.

*

அந்தப் போரில் ஒருங்கிணைப்பு வேலையை ஓர் அலுவலகமாகவே நடத்தியவர் கிளாரா பார்ட்டன். போருக்கு முன் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். போர்க்களங்களுக்கு மருந்தும் கட்டுத்துணியும் கொண்டுபோனவர். 1865இல், தன் மகன் எங்கே, கணவன் எங்கே என்று கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதில் சொல்ல வாஷிங்டனில் தான் தங்கியிருந்த வீட்டிலேயே காணாமல்போன வீரர்களுக்கான அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். பெயர்களைப் பட்டியலிட்டு அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினார். தெரிந்தவர்கள் எழுதினார்கள். அதைக் குடும்பத்துக்குத் தெரியப்படுத்தினார். 1868 வரை 63,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. 22,000க்கும் மேற்பட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அந்தச் சிறிய அலுவலகம் கண்டுபிடித்தது. பின்னால் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவர் என்று எல்லோரும் அவரை அறிவார்கள். அந்த அலுவலகம் மட்டும் மறந்தே போயிற்று. 1990களின் பிற்பகுதியில் கட்டடத்தை இடிக்கும் முன் பரிசோதிக்க வந்த ஊழியர் ஒருவர் மேல்மாடியில் பழைய காகிதங்களையும் பெயர்ப்பலகையையும் பார்த்த பிறகுதான் அது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

உறுப்பிழந்து வந்தவர்கள் தங்குவதற்கு அரசு இல்லம் வேண்டும் என்று கையெழுத்து வாங்கியதும் ஒரு பெண்தான். செவிலியராக இருந்த டெல்ஃபீன் பேக்கர் 1864இல் அந்த மனுவோடு நாடாளுமன்றத்தை அணுகினார். 1865 மார்ச்சில் லிங்கன் சட்டத்தில் கையெழுத்திட்டார். இல்லத்தை நடத்த அமைந்த நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள்.

இல்லத்துக்குப் போகாதவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அங்கே யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு ஓய்வூதியக் கோப்புகளில்தான் தடயம் தேட வேண்டும். கணவன் இறந்தால் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. மறுமணம் செய்தால் நின்றுவிடும். 1882இல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது. விதவை வேறோர் ஆணோடு ஊரறிய வாழ்ந்தால் ஓய்வூதியம் ரத்து. அதற்கு விசாரணை, அக்கம்பக்கத்துச் சாட்சியம் எல்லாம் நடந்தன. கணவனின் புண்ணைக் கழுவிய இருபது ஆண்டுகளைப் பற்றி அரசு அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவன் போன பிறகு அவள் யாரோடு இருக்கிறாள் என்று மட்டும் கேட்டது. தாபத நிலையைச் சட்டமாக எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

*

முதல் உலகப் போரில் பராமரிப்பின் ஒரு பகுதி தொழிலானது. காலும் கையும் விறைத்துப்போய்த் திரும்பிய வீரர்களுக்கு உடற்பயிற்சியும் தசைப் பயிற்சியும் கொடுக்க, 1918 முதல், மறுசீரமைப்பு உதவியாளர்கள் என்ற பெயரில் பெண்கள் அமர்த்தப்பட்டார்கள். வால்டர் ரீட் படை மருத்துவமனையில் மேரி மெக்மிலன் அவர்களுக்கு முன்னோடி. ஒரேகான் மாநிலத்து ரீட் கல்லூரியில் ஏராளமானவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவரே. இவர்கள் படைக்காக வேலை செய்தார்கள். ஆனால் படையினர் அல்லர். பதவிநிலை கிடையாது. 1921இல் இவர்களே ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தார்கள். இன்றைய அமெரிக்க இயன்முறை மருத்துவர் சங்கத்தின் தொடக்கம் அது. மெக்மிலன் அதன் முதல் தலைவர்.

அதே வால்டர் ரீட் மருத்துவமனையில் செஞ்சிலுவைத் தொண்டராக இருந்த எடித் நோர்ஸ் ராஜர்ஸ் 1925இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1960இல் இறக்கும்வரை 35 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். பெண்கள் படையில் சேர வழிவகுத்த மசோதாவைக் கொண்டுவந்தார். முன்னாள் வீரர்களுக்குக் கல்வியும் வீட்டுக்கடனும் தந்த 1944ஆம் ஆண்டுச் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவராக இருந்தார். முன்னாள் படைவீரர் விவகாரக் குழுவுக்கு இருமுறை தலைமை ஏற்றார். படுக்கைகளுக்கு நடுவே நடந்த அனுபவம் சட்டமாக மாறியதற்கு இவரைப் போல நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வீட்டில் பெண் செய்துவந்த வேலையிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டுத் தொழிலாகிறது. புண்ணுக்குக் கட்டுப்போடுவது செவிலியம் ஆயிற்று. கைகால் நீட்டி மடக்குவது இயன்முறை மருத்துவம் ஆயிற்று. கடிதம் எழுதுவதும் குடும்பத்தோடு பேசுவதும் சமூகப்பணி ஆயிற்று. வெட்டி எடுத்த பிறகும் எஞ்சியிருப்பது வீட்டிலேயே கிடக்கிறது: இரவில் அவன் அலறி எழும்போது விளக்கைப் போடுவது, மாத்திரையை எண்ணுவது, குழந்தைகளிடம் அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று விளக்குவது, எந்த அலுவலகத்தில் எந்தத் தாள் நிற்கிறது என்று நினைவு வைத்திருப்பது.

காயம்பட்டவள் பெண்ணாக இருந்தால் அவளைப் பார்க்கவும் ஆள் இல்லை. வியட்நாம் போரில் சுமார் 11,000 அமெரிக்கப் படைப் பெண்கள் பணியாற்றினார்கள். பத்தில் ஒன்பது பேர் செவிலியர்கள். திரும்பி வந்தபோது முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் பெண்நோய் மருத்துவம்கூட ஒழுங்காக இல்லை என்பதை 1982இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு அறிக்கையாகவே கொடுத்தது. 2004 நவம்பரில் ஈராக்கில் ஹெலிகாப்டர் தாக்கப்பட்டு இரண்டு கால்களையும் இழந்த டாமி டக்வொர்த் பின்னாளில் செனட் உறுப்பினராகித் தன் உடம்பையே வாதமாக முன்வைத்தார். முன்னாள் படைப் பெண்களின் மருத்துவத் தேவைகளுக்கான விரிவான சட்டம் 2021 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு வைத்த பெயர் டெபோரா சாம்ப்சன் சட்டம்.

*

2007 பிப்ரவரி 18. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் டேனா பிரீஸ்ட், ஆன் ஹல் என்ற இரு பெண் செய்தியாளர்கள் வால்டர் ரீட் மருத்துவமனையைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அடிபட்டு, அறுவைச் சிகிச்சை முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் மாதக்கணக்கில் அங்கே தங்கியிருந்தவர்களின் கதை அது. பதினெட்டாம் எண் கட்டடத்தில் சுவரில் பூஞ்சை, எலி, கரப்பான் பூச்சி. இந்தப் படங்கள்தான் நாட்டை உலுக்கின. படைத்துறைச் செயலாளர் பதவி விலகினார். மருத்துவமனையின் தளபதி நீக்கப்பட்டார். மறு ஆண்டு அந்தச் செய்திகளுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

பூஞ்சையைவிட முக்கியமான ஒன்று அந்தச் செய்தியில் இருந்தது. ஒரு வீரர் மருத்துவ நடைமுறைக்குள் நுழைந்து வெளியே வர எட்டுப் படைப்பிரிவு அலுவலகங்களுக்கு 22 ஆவணங்கள் தர வேண்டும். அவற்றைக் கையாள 16 கணினி அமைப்புகள் இருந்தன. பெரும்பாலானவை ஒன்றோடொன்று பேசாதவை. தலையில் அடிபட்டு நினைவு தவறுகிறவரிடம் இந்த 22 தாள்களைக் கேட்டால் யார் கொண்டுவந்து கொடுப்பார்? மருத்துவமனை விடுதியில் தங்கியிருந்த மனைவியும் தாயும்தான். பேசாத 16 கணினிகளுக்கு நடுவே பேசியவர்கள் அவர்கள்.

அடுத்த மாதம் ஒன்பது பேர் கொண்ட ஆணையம் அமைந்தது. தீக்காயமடைந்த வீரர் ஒருவரின் மனைவியும் அதில் ஓர் உறுப்பினர். முன்னாள் செனட் உறுப்பினர் பாப் டோல், முன்னாள் சுகாதார அமைச்சர் டோனா ஷலேலா இருவரும் தலைவர்கள். டோல் 1945இல் இத்தாலியில் காயம்பட்டு வலது கை செயலிழந்தவர். மருத்துவமனைகளில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர். அப்போது அவருடைய தாய் ஊரை விட்டு வந்து அருகில் தங்கிப் பார்த்துக்கொண்டார்.

2007 ஜூலையில் வந்த ஆணைய அறிக்கையின் முதல் பரிந்துரை இது: கடுங்காயம் பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு மீட்புத் திட்டம் வேண்டும், அதை நடத்திச் செல்ல ஒரு மீட்பு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். மருத்துவமனை, படை, முன்னாள் வீரர் துறை, குடும்பம் என்று எல்லாவற்றையும் ஓர் ஆள் இணைத்துப் பார்க்க வேண்டும். ஆணையம் நடத்திய ஆய்வில், காயம்பட்டுப் பணியில் இருந்த வீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், தன்னைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தினரோ நண்பரோ வேலையை விட்டதாகச் சொல்லியிருந்தார்கள்.

பரிந்துரை விரைவிலேயே நடைமுறைக்கு வந்தது. 2008 தொடக்கத்தில் செவிலியரும் சமூகப்பணியாளருமாக முதல் ஒருங்கிணைப்பாளர்கள் படை மருத்துவமனைகளுக்குப் போனார்கள். அதே ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் துறைக்கும் தனியாக ஒரு மீட்பு ஒருங்கிணைப்புத் திட்டத்தை உருவாக்கியது. காயம்பட்டவரைப் பார்த்துக்கொள்ளும் உறவினர் 26 வாரம் விடுப்பு எடுக்கலாம் என்றும் ஆயிற்று. சம்பளம் இல்லாத விடுப்பு.

பிறகு நடந்ததைக் கேட்டால் நம் ஊர் அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு வியப்பு வராது. ஒவ்வொரு படைக்கும் ஒரு திட்டம், ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர். 2011இல் தணிக்கை அமைப்பு ஒரு வீரரின் நிலையை எடுத்துக்காட்டியது. பல உறுப்புகளை இழந்தவர் அவர். படையை விட்டு விலகுவதை ஓர் ஒருங்கிணைப்பாளர் அவருக்கு இலக்காக வைத்திருந்தார். படையிலேயே தொடர்வதை இன்னொருவர் இலக்காக வைத்திருந்தார். ஒருவர் திட்டம் மற்றவருக்குத் தெரியாது. ஒருங்கிணைப்பாளர்களை ஒருங்கிணைக்க ஆள் தேவைப்பட்டது. அப்படி ஓர் ஆள் ஏற்கெனவே வீட்டில் இருந்தாள்.

அந்த ஒருங்கிணைப்பாளர்களை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்களிலும் பலர் பெண்களே. ஒரு குடும்பம் மூழ்காமல் பிடித்துக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. நான் கேட்பது வேறு. ஒரே வேலையை அலுவலகத்தில் செய்தால் பட்டம், பதவி, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்தால் அதற்குப் பெயர் பாசம். இந்தக் கோடு எங்கே, யாரால் போடப்பட்டது?

*

2010 மே 5 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தியது. கடுங்காயம் பட்டவரை வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு மாத உதவித்தொகை, பயிற்சி, மருத்துவக் காப்பீடு, ஓய்வெடுக்க மாற்று ஏற்பாடு. வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய மனைவிகளும் தாய்களும் பெற்ற வெற்றி அது. 2001 செப்டம்பருக்குப் பின் காயம்பட்டவர்களின் குடும்பங்களுக்கு மட்டும் என்பது அதன் எல்லை. வியட்நாம் போரில் முதுகெலும்பு முறிந்தவனை ஐம்பது ஆண்டுகள் திருப்பிப் படுக்கவைத்தவளுக்கு 2020 அக்டோபரில்தான் கதவு திறந்தது. அதற்கும் 2018இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.

2014இல் ராண்ட் நிறுவனம் இவர்களை முதல்முறையாகப் பெரிய அளவில் எண்ணியது. படையினரையும் முன்னாள் படையினரையும் பார்த்துக்கொள்பவர்கள் 55 லட்சம் பேர். அவர்களில் 11 லட்சம் பேர் 2001க்குப் பிந்தைய போர்களின் காயங்களோடு வாழ்பவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள். அந்த ஆய்வைக் கேட்டு வாங்கியது எலிசபெத் டோல் தொடங்கிய அறக்கட்டளை. வால்டர் ரீடில் கணவர் பாப் டோலுக்குத் துணையாக மாதக்கணக்கில் இருந்தபோது பக்கத்து அறைகளில் பார்த்த இளம் மனைவிகள்தான் அவரை அதற்குத் தூண்டினார்கள். தாய் செய்ததைப் பின்னாளில் மனைவி செய்தார். அதை எண்ண வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. எண்ணவைக்கும் வசதியும் இருந்தது.

எண்ணத் தொடங்கியதும் புதிய சிக்கல் வந்தது. பாசத்தை எப்படி அளப்பது? முதலில் மூன்று படிநிலைகள் வைத்தார்கள். வாரத்துக்கு 10 மணி நேரம், 25 மணி நேரம், 40 மணி நேரம். வீட்டுப் பராமரிப்புப் பணியாளரின் கூலி விகிதத்தில் தொகை. எவ்வளவு மோசமான காயமானாலும் 40 மணி நேரம்தான் உச்சம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. தூக்கத்தில் கழுத்தைப் பிடிக்கிறவன் பக்கத்தில் படுத்திருக்கும் மணிகள் அந்த நாற்பதுக்குள் வருமா என்று படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை.

அளப்பவர் வீட்டுக்கு வருகிறார். கணவனால் தானே சட்டை போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார். முடியும் என்றால் தொகை குறையும். இத்தனை நாள் அவனைத் தேற்றித் தேற்றிச் சட்டை போடக் கற்றுக்கொடுத்தவள் அவள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பணம் குறைகிற கணக்கு இது. 2017இல் பல குடும்பங்கள் காரணம் தெரியாமல் நீக்கப்படுவதாகப் புகார் எழுந்து, நீக்கத்தை நிறுத்திவைக்க வேண்டி வந்தது. புதிய தகுதி விதிகளால் பழைய பயனாளிகளில் மிகப் பெரும்பாலோர் வெளியேறும் நிலை வந்ததும் 2022இல் மறுபடியும் நிறுத்திவைத்தார்கள். 1882இல் விதவையின் படுக்கையை விசாரித்த அதே கண் 2017இல் மனைவியின் சமையலறையை விசாரிக்கிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். அரசு பெண்ணுக்குப் பணம் கொடுக்கும்போதெல்லாம் அவள் நடத்தையையும் சேர்த்துப் பரிசோதிக்கிறது என்பதே இரண்டுக்கும் பொது.

இன்னொன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இவை ஈராக்கில் நடந்த போரின் காயங்கள். அந்தப் போரில் ஈராக்கியர்களுக்கும் காலும் கையும் போயின. பாக்தாதில், ஃபலூஜாவில், மோசூலில் அவர்களைத் தூக்கி உட்காரவைத்த பெண்களுக்கு மீட்பு ஒருங்கிணைப்பாளரும் இல்லை, படிநிலையும் இல்லை, எண்ணிச் சொன்ன அறிக்கையும் இல்லை. படையெடுத்த நாட்டின் மனைவியும் படையெடுக்கப்பட்ட நாட்டின் மனைவியும் செய்தது ஒரே வேலை. ஒருத்தியின் கணக்கு அரைகுறையாகவாவது எழுதப்பட்டது. அதைப் பாராட்டுகிற அதே மூச்சில் எழுதப்படாத கணக்கையும் கேட்காவிட்டால் நாம் பேசுவது பெண்ணியம் ஆகாது, ஒரு நாட்டின் படைநலத் திட்டம் ஆகிவிடும்.

பராமரிப்புக்குச் சம்பளம் கொடுத்தால் அன்பு கெட்டுவிடும் என்று வாதிடுபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. சூசி கிங் டெய்லருக்குச் சம்பளம் கொடுக்காததால் அவர் அன்பு கூடியது என்று யாரும் நிரூபிக்கவில்லை. கொடுக்காததால் அவர் ஏழையாக இருந்தார் என்பது மட்டும் உறுதி. அன்பை அவளிடமே விட்டுவிடுங்கள், அவளுக்கு அது தெரியும். உழைப்பை உழைப்பென்று எழுதுங்கள். எழுதும்போது சரியான பெயரில் எழுதுங்கள்.

ஏனென்றால் இன்றும் அந்த உதவித்தொகையின் விதிகளில் ஒரு வாசகம் இருக்கிறது. இதைப் பெறுவதால் பெறுபவருக்கும் அரசுக்கும் இடையில் வேலை உறவு எதுவும் ஏற்படாது என்பது அதன் பொருள். வேலை இல்லையென்றால் ஊதியம் இல்லை. ஊதியம் இல்லையென்றால் அமெரிக்காவில் முதியோர் ஓய்வூதியத்துக்கான பதிவும் இல்லை. இருபத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட்டு வந்தவள் நாற்பது ஆண்டுகள் அவனைப் பார்த்துக்கொண்டு அறுபத்தைந்தாம் வயதில் தன் பெயரில் உள்ள கணக்கைத் திறந்து பார்த்தால், அந்த நாற்பது ஆண்டுகளுக்கும் நேராகச் சுழியம் என்றே எழுதியிருக்கும்.